மூளையின் எந்தப் பகுதிக்கு என்ன வேலை?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்கள் விண்ணப்பத்தோடு ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கொண்டு வருகிறார்கள். பக்கவாதம், விபத்தில் தலைக்காயம், வலிப்பு, முதுமை மறதி என்று காரணம் எதுவானாலும் அந்த ரிப்போர்ட்டில் 'ஃபிரான்டல்', 'பெரைட்டல்', 'டெம்போரல்', 'செரிபெல்லம்', 'பிரெய்ன் ஸ்டெம்' போன்ற சொற்கள் இருக்கும். கையில் வைத்திருப்பவருக்கு அவை விளங்குவதில்லை. மருத்துவமனைக் கூட்டத்தில் கேட்க நேரம் கிடைத்திருக்காது, கிடைத்தாலும் தயங்கியிருப்பார்கள்.

ஆனால் அடுத்து வரும் மாதங்களில் நோயாளியோடு இருக்கப்போவது அந்தக் குடும்பம்தான். "வாப்பா நன்றாக நடக்கிறார், ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்." "விபத்துக்குப் பிறகு பையன் யாரையும் எடுத்தெறிந்து பேசுகிறான்." "உம்மா தட்டில் பாதிச் சோற்றை வேண்டுமென்றே ஒதுக்கி வைக்கிறார்." இப்படி மனம் நொந்து சொல்கிறவர்கள் உண்டு. இவற்றில் பலவற்றுக்குக் காரணம் பிடிவாதமோ குணக்கேடோ இல்லை. மூளையில் எந்த இடம் பாதிக்கப்பட்டதோ, அந்த இடம் செய்துவந்த வேலை நின்றிருக்கிறது. இடம் தெரிந்தால் நடத்தை விளங்கும். நடத்தை விளங்கினால் நோயாளி மீது வரும் கோபம் குறையும். சில நேரங்களில் உயிரைக் காக்கும் நேரமும் நமக்கு மிச்சமாகும். அதற்காகவே மூளையின் முக்கியப் பகுதிகளை வீட்டு வழக்கில் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

ஒன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல்

வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். உடல் எடையில் இது சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போதும் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை மூளையே எடுத்துக்கொள்கிறது. மண்டை ஓட்டுக்குள், மூன்று உறைகளால் போர்த்தப்பட்டு, தெளிந்த திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. உள்ளே சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன.

மூளை தனக்கு வேண்டிய சக்தியைச் சேமித்து வைப்பதில்லை. ரத்தம் நொடிக்கு நொடி பிராணவாயுவையும் சர்க்கரையையும் கொண்டுவந்து கொடுத்தபடி இருக்க வேண்டும். ரத்த ஓட்டம் முற்றிலும் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்பணுக்கள் சாகத் தொடங்கும். பக்கவாதத்தில் நேரத்தைப் பற்றி மருத்துவர்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

மூளைக்கு மூன்று பெரும் பிரிவுகள். மேலே, மடிப்பு மடிப்பாக, மண்டையின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது பெருமூளை. பின்னால், பிடரிக்கு மேலே சிறிய பந்து போல இருப்பது சிறுமூளை. இரண்டையும் முதுகுத் தண்டோடு இணைத்துக் கீழே இறங்குவது மூளைத்தண்டு. ரிப்போர்ட்டில் 'செரிப்ரம்' என்றால் பெருமூளை, 'செரிபெல்லம்' என்றால் சிறுமூளை, 'பிரெய்ன் ஸ்டெம்' என்றால் மூளைத்தண்டு.

இடதில் அடி, வலதில் பாதிப்பு

பெருமூளை வலது, இடது என்று இரண்டு பாதிகளாக இருக்கிறது. நடுவே கோடிக்கணக்கான நரம்பு இழைகளால் ஆன ஒரு பாலம் இரண்டையும் இணைக்கிறது. மூளையிலிருந்து கை கால்களுக்குப் போகும் நரம்பு இழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடிப்பகுதியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிச் செல்கின்றன. ஆகவே மூளையின் இடது பாதி உடலின் வலது பக்கத்தையும், வலது பாதி இடது பக்கத்தையும் இயக்குகின்றன.

"வலது கை விழுந்துவிட்டது, ரிப்போர்ட்டில் இடது என்று எழுதியிருக்கிறார்களே, தவறாக எழுதிவிட்டார்களா?" என்று சிலர் பதறுவார்கள். தவறு ஒன்றும் இல்லை. அது அப்படித்தான் இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் இடங்கள் இடது பாதியில் இருக்கின்றன. அதனால்தான் வலது கை, கால் செயலிழந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து போவதை அதிகமாகப் பார்க்கிறோம்.

பெருமூளையின் ஒவ்வொரு பாதியிலும் நான்கு மடல்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெற்றி மடல் (ஃபிரான்டல்)

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் இது நான்கு மடல்களில் பெரியது. இதன் பின் ஓரத்தில் உள்ள ஒரு பட்டை, கை, கால், முகம் அசைய உத்தரவு கொடுக்கிறது. அந்தப் பட்டையோ அதிலிருந்து இறங்கும் இழைகளோ பாதிக்கப்பட்டால் எதிர்ப்பக்கம் செயலிழக்கும்.

இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதியில் சொற்களைக் கோத்து வாய்க்குக் கொண்டுவரும் இடம் இருக்கிறது. 1861-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பால் புரோக்கா ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். பிறர் பேசுவது அவருக்கு விளங்கியது. ஆனால் அவர் வாயிலிருந்து 'டான்' என்ற ஒரே ஒலிதான் வந்தது. அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது இந்த இடம் சிதைந்திருந்தது. இன்றும் அதைப் புரோக்கா பகுதி என்றே சொல்கிறார்கள். இந்த இடம் பாதிக்கப்பட்டவருக்கு நாம் சொல்வது பெருமளவு புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் மனதில் இருக்கும். சொல்தான் வராது. "பேச மாட்டேன் என்கிறார்" என்று அவர் முன்னாலேயே பேசினால் அது அவர் காதில் விழும், நெஞ்சையும் சுடும். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள்.

நெற்றி மடலின் முன்பகுதிக்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. திட்டமிடுவது, பொறுத்திருப்பது, கோபத்தை அடக்குவது, சபையில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று நிதானிப்பது ஆகியவை இங்கிருந்து நடக்கின்றன. 1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை வேலையில் மேஸ்திரியாக இருந்த ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது இளைஞருக்கு நேர்ந்தது உலகம் முழுதும் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடம். பாறைக்குள் வெடிமருந்தைத் திணித்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. அவர் பிழைத்தார். பேசினார், நடந்தார். ஆனால் பொறுப்பும் நிதானமும் உள்ளவர் என்று பெயர் எடுத்திருந்த அவர், அதன்பின் முன்கோபியாகவும், சொன்ன சொல்லில் நிற்காதவராகவும் மாறிவிட்டதாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதிவைத்தார். பிற்காலத்தில் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடிபட்டவர் ஓரளவு தேறி, வேலைக்கும் போக முடியும் என்பதற்கு அதுவும் சாட்சி.

பைக் விபத்தில் தலையில் அடிபட்டுத் திரும்பும் நம் பிள்ளைகளிடம் இதே மாற்றத்தைப் பார்க்கிறோம். கபாலத்தின் அடித்தளம் மேடு பள்ளமாக இருப்பதால், தலை வேகமாக மோதும்போது நெற்றி மடலும் பொட்டு மடலும்தான் அதிகமாக நசுங்குகின்றன. கை கால் நன்றாக இருக்கும். ஸ்கேனைப் பார்த்து "ஆபரேஷன் தேவையில்லை" என்று அனுப்பியிருப்பார்கள். வீட்டிலோ பையன் காலையில் எழுந்து எந்த வேலையையும் தானாகத் தொடங்க மாட்டான்; சின்ன விஷயத்துக்குக் கத்துவான். "சோம்பேறியாகிவிட்டான்" என்று முடிவு கட்டிவிடாமல், நரம்பியல் மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை, சிறு சிறு படியாக, தினமும் அதே ஒழுங்கில் என்று பழக்கினால் பலருக்கு முன்னேற்றம் தெரியும்.

நெற்றி மடல் முழுமையாக முதிர்வது இருபதுகளின் நடுவில்தான். 17 வயதுப் பையன் வேகத்தை விரும்புவதும் ஆபத்தைக் குறைத்து எடைபோடுவதும் இதனோடு சம்பந்தப்பட்டவை. அந்த வயதில் அவன் கையில் வண்டிச் சாவியைக் கொடுப்பதா என்று நிதானிக்க வேண்டியது நம்முடைய நெற்றி மடல்.

உச்சி மடல் (பெரைட்டல்)

உச்சந்தலைக்குக் கீழே பின்புறமாக இருப்பது. தொடுவது, சூடு, குளிர், வலி முதலிய உணர்வுகள் உடலின் எந்த இடத்திலிருந்து வருகின்றன என்று இங்கேதான் அறியப்படுகிறது. என் கை எங்கே இருக்கிறது, கதவு எவ்வளவு தூரம், எது வலம், எது இடம் என்ற கணக்கும் இங்கே நடக்கிறது.

வலது உச்சி மடல் பாதிக்கப்பட்ட சிலருக்கு ஒரு விசித்திரமான குறை ஏற்படும். கண் பார்வை சரியாக இருந்தும் இடது பக்கம் என்ற ஒன்றே அவர்கள் கவனத்தில் இருக்காது. தட்டின் வலது பாதியில் உள்ள சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு "இன்னும் கொஞ்சம் வை" என்பார்கள். இடது கையைச் சட்டைக்குள் நுழைக்க மறந்துவிடுவார்கள். இடப்பக்கம் நின்று பேசினால் திரும்ப மாட்டார்கள். சிலர், தங்கள் இடது கை செயலிழந்திருப்பதையே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இது நடிப்பு இல்லை. தட்டைத் திருப்பி வையுங்கள். மீதிச் சோறு அவர் கண்ணில் படும். தொடக்கத்தில் அவருக்கு வலப்பக்கம் இருந்து பேசி, பிறகு மெல்ல மெல்ல இடப்பக்கமாக அவர் கவனத்தை இழுத்துப் பழக்குங்கள். எப்படி என்பதைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

பொட்டு மடல் (டெம்போரல்)

காதுக்கு மேலே, கன்னப்பொட்டுக்கு உள்ளே இருப்பது. காதில் விழும் ஒலிக்குப் பொருள் காண்பது இதன் வேலைகளில் ஒன்று. 1874-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே, இடது பொட்டு மடலின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார். இவர்களுக்குப் பேச்சு தடையின்றி வரும். ஆனால் அதில் பொருள் இருக்காது. சம்பந்தமில்லாத சொற்கள், இல்லாத சொற்கள் எல்லாம் கலந்து வரும். நாம் சொல்வதும் அவர்களுக்குப் புரியாது.

இந்த இடத்தில் குடும்பங்கள் ஏமாந்துபோவது அதிகம். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று காலையில் திடீரென்று உளறுகிறார். பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றாது. புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், கண்ணேறு என்பார்கள், ஜின் என்பார்கள். அவரை எங்கெங்கோ அழைத்துப் போவதற்குள் சிகிச்சைக்கான நேரம் கடந்துவிடும். துஆ செய்யுங்கள், ஓதுங்கள். அதை ஆம்புலன்சில் போகும்போதும் செய்யலாம். திடீரென்று பேச்சு மாறினால் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

பொட்டு மடலின் உட்புறத்தில், கடல்குதிரை போன்ற வடிவத்தில் 'ஹிப்போகேம்பஸ்' என்ற சிறு பகுதி, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. புதிதாக நடப்பவற்றை நினைவாக மாற்றுவது இதன் வேலை. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக அறுவை சிகிச்சை செய்து, இருபக்கமும் இந்தப் பகுதியின் பெரும்பங்கை எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். சிறுவயது நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருந்தன. கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் பயிற்சியைத் தினமும் கொடுத்தபோது கை நன்றாகத் தேறியது. முன்பு வரைந்து பழகினோம் என்ற நினைவு மட்டும் அவருக்கு இல்லை. 2008-இல் 82 வயதில் அவர் இறக்கும் வரை ஆய்வாளர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொண்டே இருந்தார்கள். நினைவுகள் எல்லாம் ஒரே பெட்டியில் இல்லை, கைப்பழக்கம் வேறு இடத்தில் பதிகிறது என்பது அவர் மூலம்தான் தெளிவாகத் தெரிந்தது.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் அல்சைமர் என்ற மறதி நோய் பெரும்பாலும் இந்த ஹிப்போகேம்பஸையும் அதைச் சுற்றிய பகுதியையும் முதலில் தாக்குகிறது. அதனால்தான் 50 வருடத்துக்கு முந்தைய கல்யாணத்தைப் பந்தி வரிசையோடு சொல்லும் உம்மம்மாவுக்கு, காலையில் பசியாறியது நினைவில்லை. லுஹர் தொழுதுவிட்டு மறுபடியும் ஒளுச் செய்யப் போவார். சிறுவயதில் மனனம் செய்த சூராக்களைத் தடுமாறாமல் ஓதுவார். பேரப்பிள்ளையின் பெயரை மாற்றிச் சொல்வார். "இதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறாயே, அது எப்படி மறக்கும்?" என்று கேட்பது வீண். இரண்டும் வெவ்வேறு இடங்களின் வேலை. "இப்போதுதானே சொன்னேன்" என்று கடிந்துகொள்ளாமல் மறுபடியும் சொல்லுங்கள். பழைய பேச்சையும் பழகிய வேலைகளையும் அவரிடமிருந்து பறித்துவிடாதீர்கள். தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரலாம்; அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே "வயசானால் அப்படித்தான்" என்று விடாமல் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிடரி மடல் (ஆக்சிபிட்டல்)

தலையின் பின்புறத்தில் இருப்பது. கண் படம் பிடிக்கும்; அந்தப் படத்தைப் பார்ப்பது இந்த மடல். இதன் ஒரு பக்கத்துக்கு ரத்தம் நின்றால், இரண்டு கண்ணிலும் பார்வையின் ஒரு பாதி மறைந்துவிடும். நடக்கும்போது ஒரு பக்கக் கதவு நிலையில் மட்டும் இடித்துக்கொள்வார்கள். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று கண்ணாடிக் கடைக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. பார்வை திடீரென்று மாறினால் அதையும் மூளையின் அவசர அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருக்கும் சிறு பகுதிகள்

பெருமூளையின் நடுவே தலாமஸ் இருக்கிறது. உடலிலிருந்து வரும் உணர்வுச் செய்திகளில் மணத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாம் இங்கே வந்து, உரிய மடலுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. அதற்குக் கீழே ஹைப்போதலாமஸ். பசி, தாகம், உடல் சூடு, தூக்கம் ஆகியவற்றைச் சமநிலையில் வைப்பதும், பிட்யூட்டரி சுரப்பி வழியாக மற்றச் சுரப்பிகளை ஆள்வதும் இந்தச் சிறு பகுதி. பொட்டு மடலுக்குள் பாதாம் பருப்பு வடிவத்தில் உள்ள அமிக்டலா, ஆபத்தைக் கண்டதும் பயத்தைக் கிளப்பி உடலைத் தயார்ப்படுத்துகிறது. இன்னும் சில உட்பகுதிகள் உடல் அசைவுகளைச் சீராக்குகின்றன. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதும் நடை சுருங்குவதும் இவற்றோடு சேர்ந்து வேலை செய்யும் நரம்பணுக்கள் குறைவதால் வருபவை.

சிறுமூளை

மூளையின் அளவில் இது சுமார் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மொத்த நரம்பணுக்களில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கின்றன. நிற்கும்போது சாயாமல் இருப்பது, ஊசியில் நூல் கோப்பது, சைக்கிள் ஓட்டுவது, பேச்சில் சொற்கள் சீராக வருவது எல்லாம் சிறுமூளை ஒத்திசைத்துக் கொடுப்பதால்தான். மது குடித்தவர் தள்ளாடுவதற்கும் நாக்கு குழறுவதற்கும் மது சிறுமூளையைப் பாதிப்பது ஒரு முக்கியக் காரணம்.

சிறுமூளையில் பக்கவாதம் வந்தால் கை கால் விழாமல் போகலாம். திடீரென்று கடுமையான தலைசுற்றல், வாந்தி, நிற்க முடியாத தள்ளாட்டம் வரும். "பித்தம் ஏறிவிட்டது", "கேஸ் டிரபிள்" என்று எலுமிச்சைச் சாறும் சோடாவும் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். தலைசுற்றலில் பெரும்பாலானவை சாதாரணமானவை என்பது உண்மை. ஆனால் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவருக்குத் திடீரென்று வந்து, பிடிப்பில்லாமல் நிற்கவே முடியவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது.

மூளைத்தண்டு

கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், விழுங்குதல், விழிப்பு ஆகியவற்றை நாம் நினைக்காமலே நடத்திக்கொண்டிருப்பது இதுதான். இதன் அடிப்பகுதியைப் பள்ளிப் பாடநூல்கள் முகுளம் என்று சொல்கின்றன.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் குடும்பங்களுக்கு இரண்டு சொற்கள் குழப்பம் தருகின்றன: கோமா, மூளைச்சாவு. கோமாவில் நோயாளிக்கு உணர்வு இல்லை. ஆனால் மூளைத்தண்டு முழுவதுமாகச் செத்துவிடவில்லை. சிலர் தேறி வருகிறார்கள். மூளைச்சாவில் மூளைத்தண்டு திரும்ப முடியாதபடி செயலிழந்துவிட்டது. தானாக மூச்சு வராது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் நெஞ்சு ஏறி இறங்குகிறது. இதயமும் சிறிது காலம் துடிக்கிறது. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்த பிறகே மூளைச்சாவு என்று சான்றளிக்க முடியும். அந்தப் பரிசோதனைகள் நடந்தனவா, முடிவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் குடும்பத்தார் தயங்க வேண்டியதில்லை. அதன் பிறகான முடிவுகளில் மார்க்க விளக்கம் வேண்டுவோர் ஆலிம்களை அணுகலாம். மருத்துவ நிலை என்னவென்று முதலில் சரியாகத் தெரிந்துகொண்டு அணுகுவது நல்லது.

பக்கவாதம்: நேரமே மருந்து

மூளையின் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதிலும் முதல் மணி நேரத்தில் போடுவதற்கும் நான்காம் மணி நேரத்தில் போடுவதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் உண்டு. பெரிய குழாய் அடைப்பைக் கம்பி செலுத்தி எடுக்கும் சிகிச்சையைத் தகுதியுள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரையிலும் செய்கிறார்கள்.

மேலே சொன்னவற்றையே அறிகுறிகளாக மாற்றிப் பாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று திடீரென்று வந்தாலும் போதும்:

- தள்ளாட்டம், நிற்க முடியாமை
- பார்வை மறைதல், இரண்டாகத் தெரிதல்
- சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுதல்
- இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒன்று கீழே இறங்குதல்
- பேச்சு குழறுதல், வராமல் போதல், பொருளில்லாமல் வருதல்

உடனே 108-ஐ அழைத்து "பக்கவாத அறிகுறி" என்று சொல்லுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்த வசதி உண்டு. நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் மாத்திரையும் வேண்டாம். வந்திருப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும். எண்ணெய் தேய்ப்பது, புறா ரத்தம் பூசுவது போன்றவற்றில் போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையிலிருந்து போகிறது.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பாக அது இருக்கலாம்.

வலிப்பு

மூளையின் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை வெளியிடுவதே வலிப்பு. எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதற்கேற்ப வடிவம் மாறும். உடல் முழுதும் வெட்டி இழுக்கலாம். ஒரு கை மட்டும் துடிக்கலாம். பொட்டு மடலில் தொடங்கினால் சில நிமிடங்கள் வெறித்துப் பார்த்து, வாயை மென்றுகொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம். சிலர் இல்லாத வாசனையை நுகர்வார்கள். இதைப் பிடிப்பு என்றும் சேட்டை என்றும் சொல்லி மறைப்பதால், குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, சிகிச்சை வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது. வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத்திரையிலேயே கட்டுப்படும்.

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுக்க வேண்டாம். அதனால் எந்தப் பயனும் இல்லை. வாய்க்குள் எதையும் திணிக்க வேண்டாம். அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள கூர்மையான பொருள்களை அகற்றி, தலைக்கடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளிவதற்குள் மறுபடியும் வந்தாலோ 108. நோன்பு வைப்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் நேரம் மாற்றுவதும் ஆபத்து. சஹருக்காக தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டலாம். ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இழந்தது திரும்புமா?

செத்துப்போன நரம்பணுக்கள் பொதுவாகத் திரும்பி வருவதில்லை. ஆனால் பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும் தன்மை மூளைக்கு உண்டு. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில் இந்த முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் மெதுவாகத் தொடரும். தானாக நடக்காது, பயிற்சியால் நடக்கும். படுக்கையிலேயே எல்லாம் செய்துகொடுப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம். ஆனால் அது அவருடைய மூளைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சியைப் பறிக்கிறது. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

வருமுன் காப்பதற்கு வழிகள் புதியவை அல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தாதிருப்பது, புகையை விடுவது, உப்பைக் குறைப்பது, நடப்பது. ஹெல்மெட்டைத் தலையில் வைப்பதோடு வாரையும் மாட்டுவது. பின்னால் அமரும் நம் பெண்களும் அணிவது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசுச் செலவில் வழங்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. பணத்துக்காக யாரும் தாமதிக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் மூளைப் பாதிப்புக்கு ஆளானவர் இருந்தால், அவருடைய ரிப்போர்ட்டை இன்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எந்த மடல் என்று எழுதியிருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டு, அவரிடம் நாளையிலிருந்து எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டில் உள்ள எல்லோரும் கூடி முடிவு செய்யுங்கள். ரிப்போர்ட்டில் உள்ள சொற்கள் விளங்காதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு அதைக் கொண்டு வரலாம். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து எழுதிக்கொள்வோம்.